நம்ம லைன் கதையைக் கேட்டு வாங்குவது எப்படி

கோலார் தங்கவயலில் ஒரு பெரியவரிடம் போய் "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்றால், "என்னத்தைச் சொல்றது, உழைச்சோம், சாப்பிட்டோம்" என்று முடித்துவிடுவார். அதே ஆளிடம் "நீங்க எந்த ஷாஃப்ட்ல (சுரங்கக் குழியில) இறங்கினீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் டீ ஆறுகிறது என்று நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

எங்கள் லைனில் (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களை உட்காரவைத்து அவர்கள் கதையைப் பதிவு செய்கிறோம். பக்கத்து லைன்காரர்களும் எப்படிச் செய்வது என்று கேட்பதால் எழுதுகிறேன்.

ஞாயிறுதான் தோது. வேலைக்குப் போகிற பிள்ளைகள் விடிவதற்குள் ரயில் ஏறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். தாத்தா விழுங்குவதை அவர்கள்தான் கிளறி எடுப்பார்கள். சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஒரு தூக்கமும் போட்ட பிறகு நாலு மணி வாக்கில் கூப்பிடுங்கள். நாலைந்து பேர் போதும். மேடை, சால்வை எதுவும் வேண்டாம். மைக்கைப் பார்த்துவிட்டால் யூனியன் கூட்டத்தில் பேசுகிற குரல் வந்துவிடும், அதை யாராலும் நிறுத்த முடியாது.

முதல் கேள்வி வேலையிலிருந்து தொடங்கட்டும். எந்த ஷாஃப்ட், எந்த ஷிப்ட், சங்கு ஊதும்போது எங்கே இருப்பீர்கள், ஆட்களை இறக்கும் கூண்டில் பக்கத்தில் நின்றது யார், சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போனீர்கள். ஒரு நாளை வரிசையாக நடக்க வையுங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அடியில் பாறையே சுடும் என்பதெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. அந்தச் சூட்டில் சட்டையைக் கழற்றி எங்கே மாட்டினார், குடிக்கத் தண்ணீர் யார் கொண்டுவந்தார் என்பது அங்கே நின்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

சுரங்கம் மூடிய கதையை முதலில் தொடாதீர்கள். 2001 பிப்ரவரி 28 பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள், சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது. ஆள் சூடு பிடித்த பிறகு கேட்டால், அதற்கு மறுநாள் காலையில் என்ன செய்தார் என்று சொல்லுவார். எனக்கு அந்த மறுநாள்தான் முக்கியம்.

பெண்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். "நான் எங்கே உள்ளே இறங்கினேன், அவரைக் கேளுங்க" என்று ஒதுங்குவார்கள், விடாதீர்கள். எங்கள் லைனில் ஒரு பெரியம்மாவிடம் ராக் பர்ஸ்ட் பற்றிக் கேட்டோம். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே வீடே குலுங்கும். "ஆமா, குலுங்கும்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். "அப்போ அடுப்புல என்ன இருந்துச்சு பெரியம்மா?" என்றேன். "களி கிண்டிட்டிருந்தேன்." கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, அலமாரியில் தட்டுகள் எப்படி ஆடின என்று விரலை ஆட்டிக் காட்டினார். துடுப்பைக் கையில் பிடித்தபடியே ஷாஃப்ட்டுக்கு ஓடியதையும், வாசலில் ஒவ்வொரு கூண்டு மேலே வரும்போதும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றதையும் அதற்கப்புறம்தான் சொன்னார். அடுப்பில் இருந்ததைக் கேட்காமல் இருந்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது "ஆமா, குலுங்கும்" மட்டும்தான்.

வருடத்தில் சண்டை வரும். "அறுபத்தி ரெண்டு", "இல்லை, எழுபது" என்று இரண்டு தாத்தாக்கள் மல்லுக்கு நிற்பார்கள். அப்போது முதலாளி யார் என்று கேளுங்கள். 1956 வரை ஜான் டெய்லர் கம்பெனி, பிறகு மைசூர் மாநில அரசு, 1962-இல் மத்திய அரசு, 1972-இலிருந்து பிஜிஎம்எல் (பாரத் கோல்ட் மைன்ஸ்) என்ற அரசு நிறுவனம். சம்பளம் கொடுத்தது யார் என்பதை யாரும் மறப்பதில்லை. அப்படியும் தீராவிட்டால் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிவையுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம்.

வீட்டில் பழைய பொருள் ஏதாவது இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள்: டோக்கன், சம்பளச் சீட்டு, தொப்பி. புத்தகமும்தான். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழை அவர் மறைவுக்குப் பிறகு 1926 முதல் சில வருடங்கள் ஜி. அப்பாதுரையார் இந்த ஊரிலிருந்துதான் நடத்தினார். எந்த டிரங்குப் பெட்டியில் எது கிடக்கிறது என்று சொல்ல முடியாது.

பதிவுக்கு போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு துணியை மடித்து அதன்மேல் வையுங்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் வெளியே உட்காராதீர்கள். பதிவும் கெடும், தூசியில் பெரியவர்களுக்கு இருமலும் வரும். சிலிகோசிஸ் (பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) உள்ளவர்களை முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேச வைக்க வேண்டாம். அவர்களாக நிறுத்த மாட்டார்கள், நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

தங்கம் திருட்டுப் போன கதைகள் கண்டிப்பாக வரும், சுவாரசியமாகவும் இருக்கும். அதில் வருகிறவரின் பேரன் எதிர் வீட்டில் இருப்பான். "இதை எழுதலாமா?" என்று அங்கேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். தமிழுக்கு நடுவில் தெலுங்கும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்துதான் நாம் பேசுகிறோம், அப்படியே வரட்டும். எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே போய்ச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, "அது அப்படி இல்லைப்பா" என்று ஆரம்பிப்பார். போனை மறக்காமல் ஆன் செய்துகொள்ளுங்கள்.