தமிழிலும் ஆங்கிலத்திலும் அலுவலக வேலை: புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியான பயிற்சி

தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே விஷயம் இரண்டு மொழிகளில் ஓடிக்கொண்டிருக்கும். பொதுமக்களின் மனு தமிழில் வரும், வெளிமாநில நிறுவனத்துக்குப் பதில் ஆங்கிலத்தில் போகும். வழக்கறிஞர் அலுவலகங்களில் இது இன்னும் அதிகம்: கீழமை நீதிமன்றத்துத் தமிழ் ஆவணம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே போக வேண்டும். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உங்கள் ஆங்கிலப் பேச்சைவிட, நீங்கள் தயாரிக்கும் தமிழ்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் பெயர், தேதி, தொகை, நிபந்தனை நான்கிலும் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் பார்க்கிறார்கள். கீழே உள்ள பயிற்சி முழுவதும் அதை நோக்கியே போகிறது. அவசரப்படாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

படி 1: இரண்டு மொழிகளிலும் தட்டச்சு

வீட்டுக்கு அருகில் உள்ள அங்கீகாரம் பெற்ற தட்டச்சுப் பயிலகத்தில் தினமும் ஒரு மணி நேர வகுப்பில் சேருங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகள் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டி வரும். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். ஐந்து தட்டல் ஒரு சொல் என்பது கணக்கு. எனவே பத்து நிமிடத்தில் இளநிலைக்கு 1,500 தட்டல், முதுநிலைக்கு 2,250 தட்டல்.

தொடக்கத்தில் எல்லோரும் வேகத்தைத்தான் துரத்துகிறார்கள். முதல் இரண்டு மாதம் வேகத்தை மறந்துவிடுங்கள். கண் தாளில் இருக்க வேண்டும், விசையில் அல்ல. பிழை விழுந்தால் நிறுத்தித் திருத்தாமல் வரியை முடியுங்கள். பிறகு அந்தச் சொல்லை மட்டும் பத்து முறை மெதுவாக அடியுங்கள். சுண்டுவிரல் விசைகளில்தான் பிழை அதிகம் விழும். அந்த விரலுக்குப் பலம் குறைவு என்பதால் தட்டல் பாதியில் நின்று எழுத்து மங்கும், அல்லது பக்கத்து விரல் உதவிக்கு வந்து கை இடம் மாறிவிடும்.

அரசு வேலை உங்கள் இலக்கு என்றால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) தொகுதி 4 அறிவிக்கையைப் பாருங்கள். தட்டச்சர் பதவிக்கு இரு மொழியிலும் முதுநிலை முடித்தவருக்கு முன்னுரிமை. ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். கணினி அலுவலகத் தன்னியக்கச் (கம்ப்யூட்டர் ஆன் ஆஃபீஸ் ஆட்டோமேஷன்) சான்றிதழையும் கேட்பார்கள். எழுத்துத் தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் மீதி விடைத்தாள் மதிப்பிடப்படாது. ஆங்கிலத்திலேயே முழு கவனம் வைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

படி 2: கணினிக்குத் தமிழ்99

பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் இடக்கை ய, ள, ன, க என்று தொடங்கும். கணினியில் பலரும் பயன்படுத்தும் தமிழ்99 அமைப்பு வேறு. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். இரண்டையும் ஒரே அமர்வில் பழகாதீர்கள், விரல்கள் குழம்பும். காலையில் பயிலகம், மாலையில் 40 நிமிடம் கணினி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழ் (இந்தியா) மொழியைச் சேர்த்து, அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். முதல் வாரம் நடு வரிசை மட்டும்: இடக்கையில் ஏ, எஸ், டி, எஃப், ஜி விசைகள் முறையே அ, இ, உ, புள்ளி, எ. வலக்கையில் எச், ஜே, கே, எல் முறையே க, ப, ம, த. அடுத்த இரு விசைகள் ந, ய.

தமிழ்99-இன் அருமை அதன் தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு ஏ, கே, கே, க்யூ என நான்கே தட்டல். ங-வை அடுத்து க, ஞ-வை அடுத்து ச, ந-வை அடுத்து த போன்ற இன எழுத்து இணைகளுக்கும் இப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ தட்ட வேண்டும்: 'மமதை' அடிக்க ம, அ, ம, த, ஐ. உங்கள் கணினியில் கே விசையை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். 'ம்ம' வராமல் 'மம' வந்தால் அந்த மென்பொருளில் இந்த வசதி இல்லை. புள்ளியைக் கையால் இடுங்கள், அல்லது என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள்.

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தமிழ் அடிக்கும் முறையை அலுவலக வேலைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ல, ள, ழ, ந, ன, ண வேறுபாடுகள் அதில் நழுவும். பரிந்துரைச் சொல்லை அவசரத்தில் ஏற்கும்போது வேறு சொல்லே விழுந்துவிடும். கடிதத்தில் 'பணி' இருக்க வேண்டிய இடத்தில் 'பனி' இருந்தால் மேலதிகாரி முழுக் கடிதத்தையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குவார்.

படி 3: ஒருங்குறி, பழைய எழுத்துருக்கள்

எந்தக் கணினியிலும் ஓர் எழுத்துக்கு ஒரே குறி என்று வைக்கும் முறைதான் ஒருங்குறி (யூனிகோட்). தமிழ்நாடு அரசு 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. ஆனால் அலமாரியில் உள்ள பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, மாற்றி மென்பொருளில் கொடுத்து ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள்: எண்கள், ஆங்கிலச் சொற்கள், ஔகாரம். ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று எண்ணி மென்பொருள் மாற்றிவைத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தைச் சில பழைய மென்பொருள்கள் கொம்பு, கால் எனத் தனித்தனிக் குறியாகச் சேமிக்கும். திரையில் சரியாகவே தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. எக்செல்லில் ஒரு பெயர்ப் பட்டியலை இன்னொன்றோடு ஒப்பிட்டால் 'பொன்னுசாமி' மட்டும் பொருந்தாமல் நிற்கும். சோதிக்க வழி எளிது: எத்தனை குறிகள் என்று எண்ணிச் சொல்லும் லென் சார்பில் 'கொ' கொடுங்கள். விடை 2 என்றால் சரி, 3 என்றால் பிரிந்து கிடக்கிறது. சிலர் காலுக்குப் பதில் 'ர' அடித்து வைத்திருப்பார்கள், அதுவும் இதே தொல்லையைத் தரும். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடத்துக்கு ட்ரிம் சார்பு போதும்.

வேர்டில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைக்காதீர்கள். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட உயரமானது, மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும்.

படி 4: கடிதத்தின் உறுப்புகள்

அலுவலகக் கடிதத்தில் இலக்கியம் வேண்டாம், இடம் மாறாத உறுப்புகள் வேண்டும். இதோ ஒரு மாதிரி:

அனுப்புநர் / பெறுநர் (பதவி, அலுவலகம், ஊர்)

ந.க.எண். 412/அ2/2025, நாள்: 07.04.2025

ஐயா,

பொருள்: பணியமைப்பு – இளநிலை உதவியாளர், தட்டச்சர் – 01.04.2025 நிலவரப்படி காலிப்பணியிட விவரம் – அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இவ்வலுவலக இதே எண்ணிட்ட கடிதம், நாள்: 10.03.2025.

பார்வையில் காணும் கடிதத்தில் கோரப்பட்ட விவரம் தங்கள் அலுவலகத்திலிருந்து இதுநாள் வரை பெறப்படவில்லை. இணைப்பில் உள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து 15.04.2025 அன்றோ அதற்கு முன்னரோ அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. காலிப்பணியிடம் ஏதும் இல்லையெனில் 'இன்மை' அறிக்கை அனுப்பப்பட வேண்டும்.

இணைப்பு: படிவம்.

பொருள் வரியைக் கவனியுங்கள். பெரிய தலைப்பில் தொடங்கி, படிப்படியாகக் குறுகி, என்ன கேட்கிறோம் என்பதில் முடிகிறது. கோப்பைத் தேடுபவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே எடுத்துவிடுவார். 'ந.க.எண்.' என்பது கோப்பின் அடையாள எண். அதில் உள்ள 'அ2' எந்த இருக்கை அந்தக் கோப்பைக் கையாள்கிறது என்று காட்டுவது. அதை விட்டுவிட்டால் பதில் வேறு மேசைக்குப் போய்த் தூங்கும். 'இன்மை' வரியும் முக்கியம். அது இல்லையென்றால், விவரம் இல்லாத அலுவலகங்கள் பதிலே போடாமல் இருந்துவிடும், நீங்கள் நினைவூட்டு மேல் நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதே விதமாகச் சுற்றறிக்கை, குறிப்பாணை (மெமோ), செயல்முறைகள் (அதிகாரி பிறப்பிக்கும் ஆணை), நேர்முகக் கடிதம் (ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்குப் பெயரிட்டு எழுதுவது) ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரியை இரு மொழியிலும் எழுதி ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள். கையெழுத்திடுபவரின் பதவிப் பெயரைத் தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதியில் பார்த்துப் போடுங்கள், சொந்தமாக மொழிபெயர்க்காதீர்கள்.

படி 5: ஒரே கடிதம், இரு மொழி

தினமும் ஒரு கடிதத்தை எடுத்து மற்ற மொழியில் எழுதுங்கள். தமிழில் எழுதும்போது ஆங்கில வாக்கியத்தின் நீளத்தைப் பின்தொடர வேண்டாம். ஐந்து வரி ஆங்கில வாக்கியம் தமிழில் இரண்டாக, மூன்றாக உடைந்தால்தான் வினை எங்கே என்று தேடாமல் படிக்க முடியும். எழுவாய், பயனிலை இயைபில் அடிக்கடி வழுக்கும்: 'விண்ணப்பங்கள் பெறப்பட்டது' தவறு, 'பெறப்பட்டன' சரி.

காலக்கெடுவில்தான் உண்மையான ஆபத்து. '15.04.2025-க்குள்' என்று எழுதினால் பதினைந்தாம் தேதி சேர்ந்ததா என்று தகராறு வரும். ஆங்கிலப் பிரதியில் அந்த நாளும் சேர்ந்தது தெளிவாக இருந்தால், தமிழில் மாதிரியில் உள்ளது போல 'அன்றோ அதற்கு முன்னரோ' என்று எழுதுங்கள். '15 நாட்களுக்குள்' என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்பதையும் சொல்லுங்கள்: கடித நாளிலிருந்தா, கிடைக்கப்பெற்ற நாளிலிருந்தா?

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள்: ரூ.1,25,000/- (ரூபாய் ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் மட்டும்). வெளிநாட்டு ஆவணத்தில் மில்லியன் கணக்கு வந்தால் உடனே பக்கத்தில் இலட்சத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து இலட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். தேதியிலும் அப்படியே, அமெரிக்க நிறுவனக் கடிதங்களில் மாதம் முன்னால் வரும்.

சரிபார்க்க இருவர் வேண்டும். ஒருவர் ஆங்கிலப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் தமிழ்ப் பிரதியில் பென்சில் வைத்துப் பின்தொடர வேண்டும். தனியாக இருந்தால் இரண்டு சுற்று: முதலில் எண்களை மட்டும் கீழிருந்து மேலாக, பிறகு 'இல்லை', 'கூடாது', 'தவிர' போன்ற மறுப்புச் சொற்களை மட்டும். கீழிருந்து பார்த்தால் பொருளில் கவனம் போகாது, இலக்கம் மட்டுமே கண்ணில் படும்.

படி 6: பெயரும் ஊரும்

தமிழில் 'சு. முருகன்' என்று இருப்பதை ஆங்கிலத்தில் மாற்றுவது சுலபம். திரும்பி வருவதுதான் கடினம். ஆங்கிலத்தில் எஸ் என்று மட்டும் இருந்தால் அது ச, சு, சி, செ எதுவாகவும் இருக்கலாம். ஊகிக்காதீர்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ விண்ணப்பத்தில் உள்ள தமிழ்ப் பெயரையோ பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும், உங்களுக்கு எது சரியாகப் படுகிறது என்பது இங்கே பொருட்டல்ல. ஓர் எழுத்து மாறினால் அந்த மனிதர் ஓய்வூதியத்துக்கோ கடவுச்சீட்டுக்கோ பல ஆண்டுகள் கழித்து அலைய நேரிடும்.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு அரசாணை வந்தது, விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியல் இன்னும் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பார்த்து முகவரி எழுதாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் உள்ள எழுத்துக்கூட்டலே போதும்.

படி 7: மெயில் மெர்ஜ்

எக்செல் பட்டியலில் உள்ள பெயர், முகவரிகளை வேர்ட் கடிதத்தில் தானாக நிரப்பித் தரும் வசதிதான் மெயில் மெர்ஜ். நூறு பேருக்கு இரு மொழியிலும் அழைப்புக் கடிதம் போக வேண்டும் என்றால் எக்செல்லில் ஒரே பட்டியல் வையுங்கள்: வரிசை எண், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தமிழ் முகவரி, ஆங்கில முகவரி, தேதி. மொழிக்கு ஒரு பட்டியல் வைத்தால் ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் விடுபடும். தேதிப் பத்தியை எழுத்து வடிவில் வையுங்கள், இல்லாவிட்டால் வேர்டில் மாதம் முன்னால் வந்து நிற்கும். முழுவதையும் அச்சிடும் முன் முதல் பதிவு, கடைசிப் பதிவு, மிக நீளமான முகவரி உள்ள பதிவு ஆகிய மூன்றை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

நேர்காணலுக்கு முன்

தனியார் பள்ளி, மருத்துவமனை, தணிக்கையாளர் அலுவலகம் எதுவானாலும் வேலைத் தேர்வு பெரும்பாலும் ஒரு கையெழுத்துக் குறிப்பைக் கொடுத்து இரு மொழியிலும் கடிதம் கேட்பதாகவே இருக்கும். அரை மணி நேரம் வைத்து வீட்டில் பழகுங்கள்: பத்து நிமிடம் தமிழ், பத்து நிமிடம் ஆங்கிலம், மீதி பத்தும் சரிபார்ப்புக்கு. குறிப்பிலேயே தேதியோ கிழமையோ தவறாகக் கொடுத்திருப்பார்கள், பல நேரம் வேண்டுமென்றே. நாட்காட்டியில் பார்த்து, நீங்களாக மாற்றிவிடாமல், ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கேளுங்கள்.