ஜெபமாலை சொல்லப் பழகுவோம்: எந்த மணிக்கு எந்த ஜெபம்?

முதன்முதலில் ஜெபமாலையைக் கையில் எடுக்கும்போது எல்லாருக்கும் ஒரு பதற்றம் இருக்கும், எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று. தப்பினால் ஒன்றும் ஆகாது. நம் கவனம் எண்ணிக்கையில் போகக்கூடாது என்பதற்காகத்தான் மணிகளே இருக்கின்றன.

மாலையில் மொத்தம் 59 மணிகள். பெரிய மணி 6, அதில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'. சின்ன மணி 53, அதில் 'அருள் நிறைந்த மரியே வாழ்க'. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

1. சிலுவையைப் பிடித்துக்கொண்டு சிலுவை அடையாளம் வரைந்து, விசுவாச அறிக்கை ('கடவுளை நம்புகிறேன்' என்று அறிக்கையிடும் ஜெபம்) சொல்லுங்கள்.

2. தொங்கும் பகுதியில் முதல் பெரிய மணிக்கு எங்கள் தந்தையே. அடுத்த மூன்று சின்ன மணிக்கும் அருள் நிறைந்த மரியே. விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் நம்மில் வளர வேண்டும் என்று கேட்டு இந்த மூன்றையும் சொல்வார்கள். பிறகு 'தந்தைக்கும் மகனுக்கும்...' திரித்துவப் புகழ்.

3. இப்போது அடுத்த பெரிய மணி. இங்கே அன்றைய முதல் மறையுண்மையைச் சொல்லிவிட்டு (இயேசு, மரியா வாழ்வில் நாம் தியானிக்கும் ஒரு நிகழ்வு; தேவ இரகசியம் என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும்) எங்கள் தந்தையே, அப்புறம் பத்து அருள் நிறைந்த மரியே, முடிவில் திரித்துவப் புகழ், கூடவே 'ஓ என் இயேசுவே, எங்கள் பாவங்களை மன்னியும்'. இந்தக் கடைசி ஜெபம் 1917-இல் போர்ச்சுகலில் உள்ள பாத்திமாவில் மாதா கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படுவது. இதுதான் ஒரு பத்து. இதே மாதிரி ஐந்து பத்து.

மறையுண்மைகள் நான்கு வகை, வகைக்கு ஐந்து. எந்த நாளில் எது? திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளை 2002-இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார், அதனால் பழைய ஜெபப் புத்தகத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தின் மேல் தப்பில்லை.

சரி, ஒரே ஜெபத்தை 53 முறை சொல்வதில் என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால், மறையுண்மையை விட்டுவிட்டால் வாய் மட்டும்தான் ஓடும். ஒரு பத்தை எடுத்துப் பார்ப்போம். திங்கட்கிழமை, இரண்டாம் மறையுண்மை: மரியா எலிசபெத்தைச் சந்திக்கிறார். முதல் மணியில் மலைநாட்டுக்கு விரைந்து போகிற அந்த இளம்பெண்ணைப் பாருங்கள், வயிற்றில் குழந்தை. நாலாவது ஐந்தாவது மணி வரும்போது வாசலில் வாழ்த்துச் சத்தம், எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளுகிறது. உடனே அவர் உரத்த குரலில் சொல்கிறார், 'பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீர்' என்று. அட, நம் வாயில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருப்பதும் அதே வார்த்தைதானே! லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: 'அருள் நிறைந்த மரியே' என்ற ஜெபத்தின் முதல் பாதி வானதூதர் கபிரியேலும் எலிசபெத்தும் சொன்னதுதான். எனக்கு இது உறைத்த பிறகுதான் அவசரமாகச் சொல்லி முடிக்கும் பழக்கம் கொஞ்சம் குறைந்தது.

4. ஐந்து பத்தும் முடிந்ததும் மாதாவை நோக்கிச் சொல்லும் 'கிருபை தயாபத்து' ஜெபம், சிலுவை அடையாளம். மாதா பிரார்த்தனையும் (மாதாவின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டுவது) சேர்ப்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் அது கட்டாயமில்லை.

முழுதாகச் சொல்ல இருபது நிமிடம் பிடிக்கும். முடியவில்லையா, ஒரு பத்து மட்டும் சொல்லுங்கள், நிதானமாக. நடுவில் மனசு வேலைக்கோ கடனுக்கோ ஓடிப்போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்காதீர்கள், விரல் நிற்கிற மணியிலிருந்தே தொடருங்கள். படுத்துக்கொண்டு சொல்லி மூன்றாவது பத்திலேயே தூங்கிப்போனாலும் கவலை வேண்டாம், மீதியைக் காவல் சம்மனசு (நம்மைக் காக்கும் வானதூதர்) சொல்லி முடித்துவிடுவார் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.