கொழும்பில் இலவசச் செய்மதி ரீவி: எல்என்பியைத் தெரிவுசெய்து பூட்டுவது எப்படி?

தமிழ்நாட்டு யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் சொன்ன கோணத்திலேயே டிஷ்ஷையும் எல்என்பியையும் திருப்பிவிட்டு, சிக்னல் வரவில்லையே என்று கைவிட்டவர்கள் கொழும்பில் பலர். டிஷ்ஷிலோ, ரீவியோடு பொருத்தும் ரிசீவர் பொக்ஸிலோ பிழை இருக்காது. சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, கொழும்பு 7 பாகைக்கும் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசத்தில் டிஷ் சாயும் அளவு மாறுகிறது. எல்என்பியை முறுக்கவேண்டிய அளவு அதைவிட அதிகமாகவே மாறுகிறது. அந்த முறுக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை.

எல்என்பி என்பது டிஷ்ஷின் கையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. டிஷ் குவித்துக் கொடுக்கும் மிக உயர்ந்த அலைவரிசையைப் பெருக்கி, கேபிளில் போகக்கூடிய 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசைக்கு இறக்கி அனுப்புவதே அதன் வேலை.

முதலில் செய்மதியை முடிவுசெய்யுங்கள்

கடைக்குப் போய் “நல்ல எல்என்பி ஒன்று தாங்கோ” என்று கேட்டால் கையில் இருப்பதைத்தான் தருவார்கள். எந்தச் செய்மதி வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுப் போங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 93.5 பாகை கிழக்கு நெட்டாங்கிலுள்ள ஜிசாட்-15. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை அதில்தான் இருக்கிறது. கேயூ பாண்ட் (11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை) என்பதால் சின்ன டிஷ் போதும், மாதக் கட்டணமும் இல்லை. முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழும் அந்தச் சேவையில் வருகிறது. டிஷ் 90 சென்டிமீட்டர் என்றால் எங்கள் ஊர் மழைக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது சி பாண்ட், அதாவது 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை. 66 பாகையில் இன்டெல்சாட்-17, 83 பாகையில் ஜிசாட்-30. இவற்றுக்கு ஆறு அல்லது எட்டு அடி டிஷ் வேண்டும். சொந்த மொட்டைமாடி இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. எது இலவசம், எது காசு கட்டினால்தான் தெரியும் என்பது அடிக்கடி மாறும். வாங்குவதற்கு முன் லிங்சாட் இணையத்தளத்தில் அன்றைய பட்டியலைப் பாருங்கள்.

எல்என்பியின் லேபிளை வாசியுங்கள்

பார்க்கவேண்டியது எல்ஓ என்று அச்சிட்டிருக்கும் எண்ணை. சிக்னலை இறக்க எல்என்பி பயன்படுத்தும் அலைவரிசை அது, மெகாஹெர்ட்ஸில். கேயூ பாண்டுக்கு ‘யுனிவர்சல்’ வகை வாங்குங்கள், அதில் 9750, 10600 என்று இரண்டு எண்கள் இருக்கும். 10.7 முதல் 11.7 கிகாஹெர்ட்ஸ் வரை முதல் எண் வேலை செய்யும். அதற்கு மேலே, 12.75 வரைக்கும், பொக்ஸ் 22 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றை அனுப்பி எல்என்பியை இரண்டாவது எண்ணுக்கு மாற்றும். சி பாண்ட் எல்என்பியில் 5150 என்ற ஒரே எண்தான்.

இந்த எண்ணைப் பொக்ஸிலும் அதேமாதிரி கொடுக்கவேண்டும். ஏனென்றால் பொக்ஸ் கழித்தல் கணக்குப் பார்த்துத்தான் சனலைத் தேடுகிறது. 11,100 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் கேபிளில் 1350 ஆக இறங்கும் (11,100 − 9750). சி பாண்டில் கணக்குத் தலைகீழ்: 4000 இல் வருவது 1150 ஆகும் (5150 − 4000). எண்ணைப் பிழையாகக் கொடுத்தால் டிஷ் சரியாக நின்றாலும் சனல் வராது.

லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘0.1 டெசிபெல்’ இரைச்சல் அளவை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் விளம்பரம். அந்தக் காசை நல்ல கேபிளுக்கும் கனெக்டருக்கும் போடலாம். சி பாண்ட் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: 5ஜி ஃபில்டர் இருக்கிறதா? 5ஜி சேவைகள் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்துகின்றன. 3.4 முதல் 4.2 வரை எல்லாவற்றையும் வாங்கும் பழைய வகை எல்என்பி, பக்கத்தில் கோபுரம் இருந்தால் திணறிப்போகும். 3.7 முதல் 4.2 வரை மட்டும் எடுக்கும் ஃபில்டர் வகை அதைத் தவிர்க்கும். 3.7க்குக் கீழே உள்ள சனல்கள் மட்டும் போய்விடும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இந்தச் சாமான்களைத் தேடலாம். பொக்ஸ் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கும் முறை), டிவிபி-எஸ்2 (செய்மதி ஒளிபரப்பு முறை) இரண்டும் பிடிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இடம் பார்த்தல்

93.5 பாகைச் செய்மதி கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 116 பாகைத் திசையில், அதாவது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்குப் பக்கமாக, 72 பாகை உயரத்தில் இருக்கிறது. 66 பாகைச் செய்மதியும் அதே 72 பாகை உயரம்தான், ஆனால் 244 பாகைத் திசையில், தென்மேற்கே. நாங்கள் ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இப்படி. 83 பாகைச் செய்மதி 81 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே.

இதனால் ஒரு நன்மை உண்டு. பத்தடி தள்ளி முப்பதடி உயரச் சுவர் நின்றாலும் சிக்னல் அதற்கு மேலால் வந்துவிடும். வெள்ளவத்தைக் குறுக்கு ஒழுங்கையில், இரண்டு கட்டடத்துக்கு நடுவில் சிக்கிய வீட்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. தீமை தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு. மேல்மாடி பல்கனியின் கொங்கிரீட் தட்டு நேரே மறைக்கும். அந்தத் தட்டு டிஷ்ஷிலிருந்து எட்டடி மேலே இருந்தால், செய்மதியின் பக்கமாக இரண்டரை அடிக்கு மேல் டிஷ்ஷை வெளியே நீட்டவேண்டியிருக்கும். நிர்வாகக் குழு அதற்குச் சம்மதிக்குமா என்பது வேறு கதை.

டிஷ்ஷை நிறுத்துதல்

போன் திசைகாட்டி இரும்புக் கம்பிக்கும் தகரக் கூரைக்கும் பக்கத்தில் பொய் சொல்லும். பத்தடி தள்ளி நின்று திசையைப் பார்த்து, தூரத்துக் கட்டடம் ஒன்றை அடையாளம் வையுங்கள்.

சின்ன டிஷ்கள் ஒஃப்செட் வகை. அவை 72 பாகைக்கு நிமிரத் தேவையில்லை. அந்தச் சாய்வில் 24 பாகை அளவு டிஷ்ஷின் வளைவிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே டிஷ்ஷின் முகம் செங்குத்து நிலையிலிருந்து 48 பாகை அளவு பின்னால் சாய்ந்தால் போதும். போனின் சாய்வுமானியை டிஷ்ஷின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடும் ஒரு பலகையில் வைத்து அளக்கலாம். இவ்வளவு தூரம் சாயாத தாங்கிகளும் விற்கிறார்கள், வாங்கும்போதே சாய்த்துப் பாருங்கள். பெரிய சி பாண்ட் டிஷ் செய்மதியின் முழு உயரத்துக்கும், அதாவது 72 அல்லது 81 பாகைக்கு, நிமிரும், மழைத்தண்ணீர் தேங்கும், அதனால் தாழ்வான பக்கத்தில் ஓட்டை ஒன்று போடுங்கள்.

எல்என்பியை முறுக்குதல்

செய்மதி அலைகள் கிடை, நெடு என இரண்டு தளங்களில் வருகின்றன. பொக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி நெடுவை எடுக்கும், 18 வோல்ட்டுக்குக் கிடை. செய்மதி எங்களுக்கு நேர் தெற்கே இல்லாததால் அந்தத் தளங்கள் சரிந்து தெரியும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கச் சரிவு கூடும். 93.5 பாகைக்குச் சென்னையில் அது சுமார் 45 பாகை, யாழ்ப்பாணத்தில் 54, கொழும்பில் 63.

எல்என்பியின் கேபிள் முனை நேரே கீழே பார்ப்பதைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷின் முன்னால் நின்று டிஷ்ஷைப் பார்த்தபடி, அந்த முனையைக் கடிகாரத்தின் 6 மணி நிலையிலிருந்து 8 மணிக்குக் கொண்டுவாருங்கள். 66 பாகைச் செய்மதி என்றால் எதிர்ப்பக்கம், 4 மணிக்கு. 83 பாகைக்கு 24 பாகை முறுக்கினால் சரி, 93.5இன் பக்கமாகவே. கிளிப்பை மெதுவாக இறுக்குங்கள், கடைசித் திருத்தம் இன்னும் இருக்கிறது.

பொக்ஸ் செட்டிங்கும் தேடலும்

கேபிளைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் பொக்ஸை ஓஃப் செய்யுங்கள், கேபிளில் மின்சாரம் வருகிறது. மெனுவில் எல்என்பி வகை, எல்ஓ எண், எல்என்பி பவர் ஓன் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, பட்டியலிலிருந்து ஒரு டிரான்ஸ்பொண்டரை (செய்மதி ஒளிபரப்பும் அலைவரிசைகளில் ஒன்றை) தெரிவுசெய்யுங்கள். திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ‘ஸ்ட்ரெங்த்’ டிஷ் சுவரைப் பார்த்தாலும் ஏறும், அதை விட்டுவிடுங்கள். ‘குவாலிட்டி’ அசைகிறதா என்று பாருங்கள்.

டிஷ்ஷை இடம் வலமாக மிக மெதுவாக அசையுங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்றிரண்டு விநாடி பொறுங்கள். வரவில்லையா? ஒரு பாகை உயர்த்தித் திரும்பவும் அசையுங்கள். குவாலிட்டி கிடைத்ததும் டிஷ்ஷை இறுக்குங்கள், அப்புறம் எல்என்பியை முறுக்கி இன்னும் ஏற்றுங்கள். கடைசியில் அதைக் கிளிப்புக்குள் சற்று முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தேடலில் சனல்கள் வந்தும் கிடையும் நெடுவும் பட்டியலுக்கு எதிர்மாறாகக் காட்டினால், எல்என்பி 90 பாகை பிழையாக நிற்கிறது.

மழை, உப்பு, வெயில்

கனெக்டருக்கு ரப்பர் உறையும் சுயமாக ஒட்டும் டேப்பும் கட்டாயம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று அதைச் சீக்கிரம் தின்றுவிடும். கேபிளை வீட்டுக்குள் எடுக்கும் இடத்தில் கீழே ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்கினால் பொக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, முற்பகல் 11 மணியளவில் 93.5 பாகைச் சனல்கள் சில நிமிடம் கலங்கும். சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வருவதால் அப்படி. டிஷ்ஷில் கைவைக்காதீர்கள், தானாகச் சரியாகிவிடும்.