கதை முடிந்ததும் ‘நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள்

ஈ தன் பெயரை மறந்த கதையை ஒன்றாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே’ என்று ஈ ஒவ்வொருவரிடமாகப் போய்த் தன் பெயரைக் கேட்கும்போது, சீக்கிரமே பிள்ளைகள் நம்மை முந்திக்கொண்டு அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் குதிரை கனைத்தால் வகுப்பே கனைக்கும். அந்த நேரம் பார்த்து, “சத்தம் போடாதே, கையைக் கட்டு” என்பதுதான் பல டீச்சர்கள் செய்யும் முதல் தவறு. ‘ம்’ கொட்டாவிட்டால் பாட்டி கதையையே நிறுத்திவிடுவார். வகுப்பில் மட்டும் வாய்மேல் விரல் வைத்துக் கேட்க வேண்டுமாம்!

இந்த மாதிரிக் கதையைப் புத்தகம் பார்த்து வாசித்தால் எடுபடாது. கன்று, பசு, இடையன், கோல், மரம், கொக்கு, குளம் என்ற வரிசை முந்தின நாளே வாயில் பழகியிருக்க வேண்டும். வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். “எங்க ஆயா வேற மாதிரி சொன்னாங்க மிஸ்” என்று ஒரு பிள்ளை சொன்னால் “அது தப்பு” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அதையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அச்சில் வந்த கதைகளே மாறியிருக்கின்றன. மூன்று கரடிகள் கதை 1837-இல் இங்கிலாந்தில் அச்சானபோது, கரடி வீட்டுக்குள் நுழைந்தது ஒரு கிழவி. தங்க முடிச் சிறுமி பின்னால்தான் வந்தாள்.

அப்புறம் அந்தக் கேள்வி, ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ காக்காவும் வடையும் கதைக்கு விடை எல்லாருக்கும் மனப்பாடம்: புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது. சொல்லி முடித்ததும் யோசனையும் முடிந்துவிடுகிறது. மாறாக, “அந்த வடை யாருடையது?” என்று கேளுங்கள். காக்காவே திருடியதுதானே என்று ஒருவன் சொல்வான். பாட்டிக்குக் காசு யார் கொடுப்பது என்று இன்னொருத்தி கேட்பாள். அந்தப் பீரியட் அதிலேயே போகும், போகட்டும்.

பயம் வந்துவிடும் என்று ஓநாயைச் சாதுவாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரான்சில் 1697-இல் வெளியான சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடும், அதோடு கதை சரி. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் வேட்டைக்காரர் வந்து காப்பாற்றுகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொல்லலாம். பாட்டி பீரோவுக்குள் ஒளிந்துகொண்டதாக மாற்றினால் ஆபத்தும் போய்விடும், தப்பித்த சந்தோஷமும் போய்விடும்.

கத்தரி வைக்க வேண்டிய இடம் வேறு. கொழுக்கட்டை கதையில் வரும் கணவனுக்கு, வாய்க்காலைத் தாண்டும்போது சொன்ன ‘அத்திரிபாச்சா’ மட்டும் நினைவில் நின்று, கொழுக்கட்டையின் பெயர் மறந்துபோகும். அதுதான் வேடிக்கை. ஆனால் அத்திரிபாச்சா செய்து தரவில்லை என்று அவன் மனைவியை அடிக்க, அடிபட்ட இடம் கொழுக்கட்டை போல வீங்கியதைப் பார்த்து யாரோ சொல்லித்தான் பெயர் நினைவுக்கு வருகிறது. வீட்டில் அம்மா அடி வாங்குவதைப் பார்க்கும் பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம், அதற்கு இது சிரிப்பாக இருக்காது. அவனே நிலைப்படியில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கியதாகச் சொல்லுங்கள். சிரிப்பு ஒரு துளி குறையாது.

கொடுமைக்காரச் சித்தியும் அப்படித்தான். 1812-இல் வந்த கிரிம் தொகுப்பின் முதல் பதிப்பில் ஹேன்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விடச் சொன்னது பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தொகுத்தவர்களே மாற்றியிருக்கும்போது, சித்தியிடம் வளரும் பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கையில் நாமும் கொஞ்சம் மாற்றலாம். ‘வெள்ளையாக இருந்ததால் அழகி’ என்ற வரியையும் எடுத்துவிடலாம், யாரும் தேடப்போவதில்லை.

தினமும் புதுக்கதை தேடி அலைய வேண்டாம். ஒரே கதையை ஒரு வாரம் சொன்னாலும் பிள்ளைகளுக்குச் சலிக்காது, சலிப்பது நமக்குத்தான். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் பசுவை விட்டுவிட்டுக் கொக்குக்குத் தாவினால் குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள், பக்கத்தில் இருப்பவனே எடுத்துக்கொடுப்பான்.