கடைசி கொமுட்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

மலேசியாவில் கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரான பத்தாங் காலிக்கு வேலைக்கு வருகிற பையன்களும் சரி, என்னைப் போலக் கல்யாணமாகி வருகிற பெண்களும் சரி, வந்த சில நாளிலேயே கேட்பது இதைத்தான்: கேஎல்லுக்கு, அதாவது கோலாலம்பூருக்கு, எப்படிப் போவது? பதில் சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பவர் ஒரு வழி சொல்வார், மளிகைக்கடைக்காரர் இன்னொரு வழி சொல்வார். அதில் பாதி, அவர்கள் எப்போதோ போய்வந்த காலத்து நிலவரம். அப்படி யாரோ சொன்னதை நம்பிப் போய் எங்கள் தெருத் தம்பி ஒருவன் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் எல்லாக் கோடும் பின்னிப் பிணைந்து ஒரே ரயில்வே போலத் தெரியும். உண்மையில் அது பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி ஒரே மனையில் தனித்தனி வாசல் வைத்துக் குடியிருப்பதைப் போன்றது. நகர ரயில்களான எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் எல்லாம் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் பக்கம். புறநகர் ரயிலான கொமுட்டர், கேடிஎம் என்கிற மலாயா ரயில்வேயின் பக்கம். வாசல் வேறு, கட்டணம் வேறு, கால அட்டவணை வேறு. செம்பனைக் காட்டைத் தாண்டி நம் ஊர்வரை வருவது கொமுட்டர் மட்டும்தான். அதுவும் 2007இல்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

அட்டை விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு பக்கத்து வாசலிலும் அது செல்லும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். நம் ஊர் பஸ்ஸில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பது போல ஒரே அட்டையைத் தட்டிக் குடும்பத்தையே உள்ளே அழைத்துப் போக முடியாது. ஏறும்போது தட்டினால் இறங்கும்போதும் தட்டியாக வேண்டும். போனில் இருக்கும் டச் அண்ட் கோ பணமும் அட்டையில் இருக்கும் பணமும் வேறு வேறு. போனில் நூறு வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறதே என்று தைரியமாகப் போய் வாசலில் மாட்டிக்கொண்டு பின்னால் நிற்பவர்களிடம் முறைப்பு வாங்குவது புதியவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அட்டை வாங்கும்போதே போன் வழியாகப் பணம் ஏற்றக்கூடிய புதிய வகையாகக் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லாவிட்டால் எல்ஆர்டி, எம்ஆர்டி இயந்திரத்தில் நீல நிற பிளாஸ்டிக் வில்லை கிடைக்கும். உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மாதம் 50 வெள்ளிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது மை50 பாஸை. அது குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, எனக்குக் கிடையாது. அந்தப் பாஸும் கொமுட்டரில் செல்லாது என்பதால் எங்கள் வீட்டில் இந்த ஒரு விஷயத்தில் சமத்துவம் உண்டு.

சரி, வழிக்கு வருவோம். பத்தாங் காலியில் போர்ட் கிள்ளான் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் செரண்டா, ரவாங், குவாங், சுங்கை பூலோ என்று போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பெரிய ஸ்டேஷனான கேஎல் சென்ட்ரல் வரும். அதற்கு முந்திய ஸ்டேஷன் பெயரே கோலாலம்பூர்தான். ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள் நிறைய. அது 1910இல் கட்டிய பழைய ஸ்டேஷன், குவிமாடமெல்லாம் வைத்து அரண்மனை போல இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் நீங்கள் மாற வேண்டிய ரயில் பெரும்பாலும் அடுத்த ஸ்டேஷனில்தான் இருக்கும். ஒரே விலக்கு: அங்கிருந்து பசார் செனி எல்ஆர்டி, எம்ஆர்டி ஸ்டேஷனுக்கு நடைபாலம் உண்டு. ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தால் அங்கேயே இறங்குவது நல்லது. மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுக்கப் போகிறீர்களா, அதற்கும் ஒரு ஸ்டேஷன் முன்னால் பேங்க் நெகாராவில் இறங்கி நடந்துவிடலாம்.

கொமுட்டரில் நடுப்பெட்டி பெண்களுக்கு. இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியே இருக்கும், 2010இலிருந்து இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டு "தெரியாமல் ஏறிட்டேன்" என்று நிற்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன், அங்கே உட்கார்ந்திருக்கும் மலாய்க்கார அம்மாக்கள் ஒன்றும் பேசமாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலே தேவலாம் என்று இருக்கும்.

எல்ஆர்டியில் மாட்டிக்கொள்ளும் இடம் மஸ்ஜித் ஜாமெக். அங்கே இரண்டு எல்ஆர்டி பாதைகள் சந்திக்கின்றன, இரண்டுமே புத்ரா ஹைட்ஸ் என்ற ஸ்டேஷனில் போய்த்தான் முடிகின்றன. ஒன்று பங்சார், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா வழி. மற்றது பண்டார் தாசிக் செலாத்தான், பூச்சோங் வழி. பலகையில் புத்ரா ஹைட்ஸ் என்று பார்த்ததும் ஏறினால், பெட்டாலிங் ஜெயாவில் இருக்க வேண்டியவர் பூச்சோங்கில் இருப்பார். போதாததற்கு இரண்டாவது பாதையின் அதே பிளாட்பாரத்தில் அம்பாங் போகும் ரயிலும் வரும். கடைசி ஸ்டேஷன் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பாதையின் பெயரையும் பாருங்கள்.

இதெல்லாம் சின்னத் தொல்லைகள், போனால் கால் மணி நேரம், அரை மணி நேரம் போகும். பணத்தைத் தின்பது திரும்பி வருவதுதான்.

எங்கள் தெருத் தம்பிக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை லீவில் காஜாங்கில் இருக்கும் ஊர் நண்பனைப் பார்க்கப் போனான். போகும்போது எல்லாம் ஒழுங்காகப் போனான். "ரயில் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் ஓடும், அவசரப்படாதே" என்று கடையில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. எல்ஆர்டியும் எம்ஆர்டியும் ஏறத்தாழ நள்ளிரவு வரை ஓடத்தான் செய்கின்றன. ஆனால் அது அண்ணன் வீட்டுக் கணக்கு. நம் ஊர் வழியாகத் தஞ்சோங் மாலிம் பக்கம் போகும் கொமுட்டர் சாயங்காலக் கூட்டம் குறைந்ததும் இடைவெளி விட்டு விட்டு வரும், கடைசி வண்டி அவர்களுக்கு முன்பே கிளம்பிவிடும். நகரத்துக்குள்ளே எம்ஆர்டி நாலைந்து நிமிடத்துக்கு ஒன்று வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறைக்காது. கொமுட்டருக்கென்று தனித் தண்டவாளமும் கிடையாது. ஈப்போ, பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் என்கிற விரைவு ரயில், சரக்கு ரயில் எல்லாம் அதே பாதையில்தான். பராமரிப்பு வேலை நடந்தால் அட்டவணையே மாறிவிடும்.

தம்பி காஜாங்கில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு எம்ஆர்டி ஏறி மியூசியம் நெகாராவில் இறங்கி, அந்த நீளமான நடைபாதை வழியாக கேஎல் சென்ட்ரலுக்கு வந்திருக்கிறான். கொமுட்டர் பக்கம் யாருமில்லை. நண்பனின் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு ஒரு மஞ்சள் பையில், போனில் சார்ஜ் சிவப்பில். வெளியே வந்தவுடன் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பி, ஊர்ல எந்தப் பக்கம்?" என்று தமிழில் கேட்டிருக்கிறார். பட்டுக்கோட்டை என்றதும், "அட, எங்க பாட்டன் அந்தப் பக்கம்தான்" என்றாராம். எவ்வளவு என்று கேட்டதற்கு, "நம்ம பிள்ளைதானே, போய்ப் பேசிக்கலாம், ஏறு." ரவாங் தாண்டும்வரை ஊர்க்கதை. அதற்கப்புறம் டோல் என்று ஆரம்பித்து, ராத்திரி நேரம், திரும்பி வெறும் வண்டியாகப் போக வேண்டும் என்று அடுக்கி, செரண்டாவுக்குப் பக்கத்தில் விளக்கில்லாத இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டார். 280 வெள்ளி. அவனுக்கு வாரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அது. வேறு என்ன செய்வான், கொடுத்துவிட்டான்.

மறுநாள் என்னிடம் வந்து, "அக்கா, தமிழ் பேசினாரேன்னு தான் ஏறினேன்" என்றான். அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. புது ஊரில் நம் மொழி காதில் விழுந்ததும் மனசு இளகும், அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே சிலர் வலை விரிக்கிறார்கள். இங்கே தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சரியான பிளாட்பாரத்தில் விடுவார்கள். எனக்கே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் வாடகை சொல்லாமல் "ஏறு" என்பவர் தமிழில் சொன்னாலும் மலாயில் சொன்னாலும் ஏறாதீர்கள்.

ஆகவே கிளம்பும் முன்பு கேடிஎம் செயலியில் அன்றைய கடைசி ரயிலைப் பாருங்கள். அன்றைக்கு என்றால் அன்றைக்குத்தான், போன மாதம் யாரோ அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு போகாதீர்கள். கடைசி வண்டிக்கு முந்திய வண்டியைத்தான் உங்கள் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஎல் சென்ட்ரலில் வடக்கே போகும் கொமுட்டரில் பத்துமலை போவதும் தஞ்சோங் மாலிம் போவதும் உண்டு. அவசரத்தில் பத்துமலை வண்டியில் ஏறிவிட்டால் புத்ரா என்ற ஸ்டேஷனில் (புத்ரா ஹைட்ஸ் வேறு) இறங்கி அடுத்ததற்கு நில்லுங்கள், அதற்கப்புறம் பாதை பிரிந்துவிடும்.

அதையும் மீறித் தவறவிட்டால் கேஎல் சென்ட்ரலில் நின்று புலம்பாதீர்கள். எம்ஆர்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மியூசியம் நெகாராவில் ஏறி குவாசா டாமான்சாரா போய், அங்கே எம்ஆர்டியின் புத்ராஜெயா பாதைக்கு மாறி சுங்கை பூலோவில் இறங்குங்கள். அங்கிருந்து கிராப் (போன் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) கூப்பிட்டால் பாதை பாதியளவு இல்லாவிட்டாலும் நன்றாகவே குறையும், தொகையும் ஏறும் முன்பே போனில் தெரிந்துவிடும். இரண்டு பேராக இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம். போனில் சார்ஜ் வேண்டும், அதனால் பவர் பேங்க் ஒன்று பையிலேயே கிடக்கட்டும்.

இன்னொன்று. அன்றைக்கு அந்தத் தம்பியிடம் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இல்லை. முதலாளி வாங்கி வைத்திருந்தார். ராத்திரி நேரத்தில் குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரிகளோ போலீஸோ நிறுத்திக் கேட்டிருந்தால் 280 வெள்ளியோடு போயிருக்காது. இன்னொருவர் கடப்பிதழை இப்படி வாங்கி வைத்துக்கொள்வது இங்கே 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்பார்கள். பத்திரமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் இந்தியத் தூதரகத்தில் சொல்லலாம். தூதரகம் மொந்த் கியாராவில் இருக்கிறது, அங்கே எந்த ரயிலும் போகாது. நம் பாதையிலேயே செகாம்புட்டில் இறங்கி கிராப் எடுப்பது எளிது. கேஎல் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வர வேண்டாம்.

இந்த ரயிலைப் பற்றி இவ்வளவு குறை சொல்கிறேனே தவிர, எனக்கு இதன்மேல் ஒரு சொந்தம் உண்டு. இந்த நாட்டில் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கில் ஓடியது. அதற்கப்புறம் போட்ட தண்டவாளத்திலும், செந்தூல் பட்டறையிலும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் நம் ஆட்கள்தான் நிறைந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வெயிலில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அலுவலகத்தில். என் மாமனாரின் அப்பா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர், ரயிலில் வேலை பார்க்கவில்லை. இருந்தாலும் செரண்டா பக்கம் காடு வழியாக ரயில் போகும்போது என் மாமனார் ஒவ்வொரு முறையும் ஜன்னலில் கையைக் காட்டி, இது இன்ன தோட்டம், இங்கேதான் தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்தது என்பார். இப்போது அங்கே வீட்டுமனைதான் இருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நாட்களில் கூடுதல் ரயில் விடுவார்கள், கூட்டமும் அதற்கு மேலேயே இருக்கும். கேஎல் சென்ட்ரல் வரை போகாமல் புத்ராவில் இறங்கி மாறுங்கள். புத்ராவிலும் ஏற முடியாத கூட்டமாக இருக்கும் என்று தோன்றினால் சுங்கை பூலோவிலேயே எம்ஆர்டிக்கு மாறி கம்போங் பத்துவில் இறங்கினால், பத்துமலை அங்கிருந்து கொமுட்டரில் இரண்டாவது ஸ்டேஷன். காவடி எடுத்துவிட்டு வருகிறவர்களோடு ரயிலேறுகிறீர்கள் என்றால், திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தாலும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.