காக்கட்டூ தீவில் ஸ்பிரிண்ட் ஓரியன்டீரிங்: முதல்முறை ஓடுபவருக்கு

வரைபடத்தைப் பார்த்து, கொடி வைத்த இடங்களை வரிசையாகத் தேடி ஓடும் போட்டிதான் ஓரியன்டீரிங். ஸ்பிரிண்ட் அதன் குறுகிய, வேகமான வகை. சிட்னி துறைமுகத்தில், பரமட்டா ஆறும் லேன் கோவ் ஆறும் கலக்கும் இடத்தில் இருக்கிறது காக்கட்டூ தீவு. மொத்தமே 18 ஹெக்டேர். இதற்குள் வழி தப்பவா போகிறோம் என்று தோன்றும். தப்பாது, நாலு பக்கமும் தண்ணீர்தானே. ஆனால் தேடி வந்த கொடி கண்ணெதிரே ஆடும். அதை எட்ட வழி இருக்காது. இங்கே ஓடுவதில் உள்ள சிக்கல் அதுதான்.

1839-இல் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மணற்பாறையை வெட்டவைத்து, சிறைக்கூடத்தையும் அவர்களைக் கொண்டே கட்டினார்கள். பின்னால் கப்பல் தளத்துக்கு இடம் போதாமல் ஓரங்களையும் செதுக்கிச் சமமாக்கினார்கள். அதனால் இன்று தீவு இரண்டு தட்டாக நிற்கிறது: நடுவில் மேடு, சுற்றிலும் கரையோரத் தரை, இடையே செங்குத்துப் பாறை.

படி 1: கிளம்பும் முன்

படகில்தான் போக வேண்டும். தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னாவது தீவில் இறங்குகிற மாதிரி படகைப் பிடியுங்கள். ஒவ்வொரு கொடிக்கும் நீங்கள் வந்ததைப் பதிவு செய்ய, விரலில் மாட்டும் மின்னணுக் குச்சி ஒன்று தருவார்கள். முதலில் 'கிளியர்' பெட்டியில், பிறகு 'செக்' பெட்டியில் வையுங்கள். கிளியரை மறந்தால் பழைய போட்டியின் பதிவு அப்படியே கிடக்கும்.

படி 2: வரைபடத்தைப் பிடிப்பது

ஸ்பிரிண்ட் வரைபடத்தின் அளவு 1:4000. அதாவது 1 செ.மீ. என்பது தரையில் 40 மீட்டர். ஊதா முக்கோணம் தொடக்கம், வட்டங்கள் கன்ட்ரோல்கள் (கொடி இருக்கும் இடங்கள்), இரட்டை வட்டம் முடிவு. நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நீங்கள் திரும்பும்போதெல்லாம் வரைபடத்தையும் திருப்புங்கள். பழைய கிரேன், இரும்புக் கொட்டகை பக்கத்தில் காம்பஸ் முள்ளை நம்பாதீர்கள். இரும்பு அதை இழுத்துவிடும். கட்டட மூலைகளையும் கரையையும் பார்த்துத் திசை பிடிப்பது மேல்.

படி 3: மேலா, கீழா?

ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் கிளம்பும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வரைபடத்தில் ஒட்டினாற்போல இரண்டு வட்டங்கள் இருக்கலாம். ஒன்று பாறை உச்சியிலும் மற்றது அடிவாரத்திலும் இருந்தால் நடுவே ஒரு படிக்கட்டைத் தேடியாக வேண்டும். தடித்த கறுப்புக் கோடு கடக்கக் கூடாத சுவர் அல்லது பாறை. எகிறிக் குதிக்க முடிந்தாலும் கூடாது, தகுதி நீக்கம்தான். ஆலிவ் பச்சை நிறப் பகுதியில் காலே வைக்கக் கூடாது.

ஆகவே கொடியிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். அந்தத் தட்டுக்கு ஏற எந்தப் படி, எந்தச் சரிவு? அதைக் கண்டுபிடித்த பிறகு நீங்கள் நிற்கும் இடத்தோடு இணையுங்கள். மேட்டுக்கு அடியில் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் சுரங்கப்பாதையும் உண்டு. அன்றைய போட்டியில் அது திறந்திருந்தால், ஏறி இறங்காமல் அடியிலேயே போய்விடலாம். புதிதாக வருபவர்கள் அவசரத்தில் கவனிக்காமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான்.

உலர்துறைகளும் (கப்பலைப் பழுதுபார்க்கத் தண்ணீரை வடிக்கும் பெரிய பள்ளங்கள்) இதே வேலையைக் காட்டும். ஃபிட்ஸ்ராய் துறை கைதிகள் 1847 முதல் 1857 வரை வெட்டியது. சதர்லாந்து துறை 1890-இல் முடிந்தது. எதிர்க்கரைக் கொடிக்கு நேர்கோடு போட்டுவிட்டு விளிம்பில் வந்து நிற்காதீர்கள், சுற்றித்தான் போக வேண்டும்.

பத்து நொடி நின்று யோசிப்பதில் தவறே இல்லை. தப்பான படியில் ஏறி இறங்கினால் போவது அதைவிட அதிகம்.

படி 4: பஞ்ச் (கொடியில் பதிவு செய்வது)

ஆரஞ்சு-வெள்ளைக் கொடியைக் கண்டதும் பாயாமல், அதன் எண் உங்கள் குறிப்புத்தாளில் உள்ள எண்தானா என்று பாருங்கள். பக்கத்திலேயே வேறொரு பிரிவின் கொடி இருக்கக்கூடும். கொடியோடு உள்ள பெட்டியில் குச்சியை வைத்து, 'பீப்' கேட்டபின் நகருங்கள். ஒன்றை விட்டாலோ வரிசை மாறினாலோ முடிவுப் பட்டியலில் இடமில்லை. வசந்த காலமென்றால் கூடு காக்கும் கடற்புறாக்கள் தலைக்கு மேல் பாய்ந்து வரும். ஒரு தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: முடித்த பிறகு

நடுவிலேயே விட்டுவிட்டாலும் முடிவுக் கூடாரத்துக்குப் போய்க் குச்சியைப் பதிவிறக்கம் செய்யுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் படகில் ஊர் திரும்பிக்கொண்டிருக்க, அமைப்பாளர்கள் டார்ச்சோடு சுரங்கத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.