போக்கிமான் கோ: காசு போடுபவரும் ஓசியில் ஆடுபவரும் செய்யும் தவறுகள்

ஊரில் நடந்து, போக்கிமான் என்னும் கற்பனை உயிர்களைச் செல்போனில் பிடிக்கும் ஆட்டம் போக்கிமான் கோ. பெங்களூருவில் அதை ஆடுபவர்களிடையே ஒரு பழைய சண்டை உண்டு. ஓசியில் ஆடுபவர், "காசு இருந்தா யார் வேணா ஜெயிக்கலாம்" என்பார். காசு போடுபவர், "நான் போடுற காசுலதான் ஆட்டமே ஓடுது" என்பார். 2016 டிசம்பரில் இந்த ஆட்டம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். கூர்ந்து பார்த்தால், காசுக்கு இங்கே என்ன கிடைக்கிறது என்ற கணக்கில் இரண்டு தரப்பும் இடறுகிறது. காசு முக்கியமாக வாங்கித் தருவது பையில் இடமும் ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போக்கிமானை வீழ்த்தும் சண்டை) நுழைவும்தான். போக்கிமானை வளர்க்கத் தேவையான ஸ்டார்டஸ்ட், சுருக்கமாக டஸ்ட், பெரும்பாலும் நடந்து, பிடித்துத்தான் சேரும். எந்தப் போக்கிமானை வளர்ப்பது என்ற அறிவைக் கடையில் யாரும் விற்பதில்லை.

ஓசியில் ஆடுபவரின் முதல் தவறு ஜிம்மில் தொடங்குகிறது. ஜிம் என்பது ஊரின் நிஜ இடங்களில் ஆட்டம் குறித்து வைத்திருக்கும் சண்டைக்களம். அங்கே நிறுத்திய போக்கிமான் 10 நிமிடத்துக்கு ஒரு காயின் (ஆட்டத்துக் கடையில் செல்லும் காசு) சம்பாதிக்கும்; ஒரு நாளைக்கு உச்சவரம்பு 50. ஆக, 8 மணி 20 நிமிடம் நின்றால் போதும். ஆனால் அது எதிரணியிடம் அடிவாங்கித் திரும்பினால்தான் காயின் கைக்கு வரும். மூன்று நாள் நின்று திரும்பினாலும் 50தான், ஒரே நாளில் ஐந்து திரும்பினாலும் மொத்தம் 50தான். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்கு வருபவர், கண்ணில் பட்ட ஜிம்மிலெல்லாம் ஒன்றை நிறுத்திவிட்டுப் போவார். இரவுக்குள் எல்லாம் திரும்பிவிடும்; அப்புறம் வாரம் முழுக்கக் கை காலி. ஆபீஸ் பக்கம் ஒன்று, அல்சூரிலோ சாந்திநகரிலோ வீட்டுப் பக்கம் ஒன்று, ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் ஒன்று என்று பிரித்து நிறுத்துவதே புத்திசாலித்தனம். எலெக்ட்ரானிக் சிட்டி மாதிரி இடத்தில் காலையில் நிறுத்தியதை மாலையில் வீடு திரும்பும் கூட்டம் இறக்கிவிட்டால் கோபப்படாதீர்கள், அவர்கள் உங்களுக்குச் சம்பளம் போடுகிறார்கள். நண்பர் நிறுத்திய அரை மணி நேரத்தில் அதை அடித்து இறக்குவதுதான் அநாகரிகம்.

அப்படிச் சேர்த்த காயினை போக்கிமான் முட்டை பொரிக்கும் இன்குபேட்டரில் கொட்டுவது அடுத்த தவறு. என் பார்வையில் இதுதான் பெரிய தவறும். 150 காயின் கொடுத்து வாங்கும் இன்குபேட்டர் மூன்று முட்டையோடு உடைந்துவிடும். 200 காயினுக்கு, அதாவது நான்கு நாள் சம்பாத்தியத்துக்கு, 50 போக்கிமான் வைக்கும் இடம் கிடைக்கும். அது கடைசிவரை கூடவே இருக்கும். ஒரே வகைப் போக்கிமான் குவிந்து வரும் கம்யூனிட்டி டே அன்று கப்பன் பார்க்கில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மொத்தமே மூன்று மணி நேர நிகழ்வு. பேண்ட்ஸ்டாண்ட் பக்கம் மரத்தடியில் ஒரு கல்லூரிப் பையன் பவர்பேங்க்கை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பான். "ஃபுல் ஆயிடுச்சுண்ணா" என்பான். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் நான்கு ஷைனி (வேறு நிறத்தில் வரும் அரிய போக்கிமான்) பிடித்திருப்பார். முந்தைய நாள் ராத்திரியே தேவையில்லாததைக் கழித்துவிட்டால் அந்த 200 காயின்கூட வேண்டியதில்லை.

காசு போடுபவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே சேரும் ரிமோட் ரெய்டில் சிக்குகிறார். 100 காயினாக இருந்த ரிமோட் பாஸ் 2023 ஏப்ரலில் 195 ஆனது. மழையில், டிராஃபிக்கில் வெளியே போக முடியாத நாளுக்கு அது சரி. தினமும் அதையே பிடித்துத் தொங்கினால், ஜிம் வட்டைச் சுழற்றினால் சும்மா கிடைக்கும் பாஸ் வீணாகிறது. இன்னொன்று, பெங்களூரு மழையைச் சாக்காக வைத்து வீட்டில் இருப்பவர் ஒரு லாபத்தையும் விடுகிறார். மழை நேரத்தில் நீர், மின்சாரம், பூச்சி வகைகள் வலுவாக வரும், பிடித்தால் டஸ்ட்டும் கூடுதல்.

அப்புறம் ஹண்டோ வெறி. தாக்குதல், தற்காப்பு, உயிர் என்ற மூன்று அளவுகளிலும் முழு மதிப்பெண்ணான 15 வாங்கிய போக்கிமான்தான் ஹண்டோ. அது கிடைத்ததும் அதை லெவல் 50 வரை ஏற்றாமல் சிலருக்குத் தூக்கம் வராது. லெவல் 40இலிருந்து 50க்கு 2,50,000 டஸ்ட்டும் 296 எக்ஸ்எல் கேண்டியும் (அதே வகைப் போக்கிமானைப் பிடித்துச் சேர்க்கும் வளர்ப்புப் பொருள்) வேண்டும். அதற்குக் கிடைப்பது சுமார் 6 சதவீத பலம். ரெய்டுக்கு லெவல் 30, 35இல் ஆறு நல்ல போக்கிமான் இருந்தாலே தாராளம். அந்த டஸ்ட்டில் இரண்டாவது தாக்குதலைத் திறந்திருந்தால் எத்தனையோ போக்கிமானுக்கு உதவியிருக்கும். இதைப் பார்த்து ஓசி ஆட்டக்காரரும் சூடு போட்டுக்கொள்வதுதான் கொடுமை. அவருக்கு டஸ்ட் இன்னும் அரிது.

ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் கிரேட் லீக்கில் அந்த ஹண்டோ பல நேரம் தோற்கும். அங்கே சிபி, அதாவது போக்கிமானின் மொத்தப் பலப் புள்ளி, 1500க்கு மேல் போகக் கூடாது. சிபி கணக்கில் தாக்குதலுக்கு எடை அதிகம் என்பதால், தாக்குதல் குறைவாகவும் தற்காப்பும் உயிரும் அதிகமாகவும் உள்ள போக்கிமானை அதே 1500க்குள் அதிக லெவலுக்கு ஏற்றலாம். பலரும் குப்பை என்று அனுப்பிவிடும் பூஜ்யம்-15-15 ஒன்றை வைத்துக்கொண்டு, காசே போடாத பையன் ஜெயித்துவிட்டுப் போவான். ராக்கெட் கும்பலிடமிருந்து மீட்கும் ஷேடோ போக்கிமானைப் பாவம் பார்த்துச் சுத்திகரித்துச் சாதாரணமாக்குவதும் இதே ரகத் தவறு. ஷேடோ 20 சதவீதம் கூடுதலாக அடிக்கும், அடியும் அதே அளவு கூடுதலாக வாங்கும். ரெய்டுக்கு அதை அப்படியே விடுவதுதான் பெரும்பாலும் லாபம். ஆட்டத்தின் வில்லன்களான ராக்கெட் ஆட்களை ஜெயித்தால் அது சும்மாவே கிடைக்கிறது.

ஜிபிஎஸ்ஸை ஏமாற்றி ஆடுவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 30 நாள் தடை, மூன்றாம் முறை கணக்கே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய கணக்கும் விதிமீறல்தான். விற்றவனே ஒரு நாள் மீட்டெடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இரண்டு தரப்பும் சேர்ந்து செய்யும் தவறு, ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளாதது. காசு போடுபவரிடம் ஒரே லெஜண்டரி (பெரும்பாலும் ரெய்டில் கிடைக்கும் அரிய போக்கிமான்) பத்து கிடக்கும், அவருக்கு அது வெறும் கேண்டி. ஓசியில் ஆடுபவரிடம் அது ஒன்றுகூட இருக்காது. ஆனால் கப்பன் பார்க்கில் பார்த்த அன்றே, "அண்ணா, ஒண்ணு குடுங்க" என்று கேட்பது சரிவராது. இதுவரை பிடித்தே இராத லெஜண்டரியை வாங்க, நட்பின் தொடக்க நிலையில் 10 லட்சம் டஸ்ட் ஆகும். பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆனபின் 40,000. அந்த நிலைக்கு 90 நாள் கிஃப்ட் போக்குவரத்து வேண்டும், கிஃப்ட் அனுப்பக் காசு தேவையில்லை. கைமாறும்போது மதிப்பெண்கள் புதிதாக உருளும் என்பதால் கொடுப்பவரிடம் ஹண்டோ கேட்பதிலும் அர்த்தமில்லை. அவர் கழிக்க வைத்திருக்கும் மட்டமானதையே கேளுங்கள்.